நாங்கள் கடல் பார்க்கப் போன அன்று

கூத்தங்கரை,
திருக்காட்டுப்பள்ளி வழி.
12-3-79

அன்பு மகன் நாகநாதனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்ற வார்த்தையை எழுதப் பேனா வரவில்லை. பிலாயில் குளிர் விட்டதா, உலைக்குப் பக்கத்தில் நின்று நின்று கண் எரிகிறது என்று எழுதியிருந்தாயே இப்போது தேவலையா, ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாயா. உன் கடிதம் இரண்டும் வந்து சேர்ந்தன. முதல் கடிதத்தில் அம்மா கடலைப் பார்த்தாளா, அலையில் இறங்கினாளா, பாண்டிச்சேரி எப்படி இருந்தது, எல்லாம் விவரமாக எழுதுங்கள் என்று ஆசையாகக் கேட்டிருந்தாய். இரண்டாவதில் ஏன் பதில் இல்லை, பொன்னி நெல் என்ன கண்டது, சித்திரையில் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான், ஆனால் அதைச் சொல்லி முடிக்க நேரமாகும். பொறுமையாகக் கடைசி வரை படி. பாதியில் எழுந்து ரயில் ஏறிவிடாதே, உன் கோபம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து போனதுதானே அது.

பொங்கல் முடிந்த வாரத்தில் உன் மாமா அமிர்தலிங்கம் வீட்டுக்கு வந்தான். அவன் உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, நீ கட்டப்போகிற தையல்நாயகியின் அப்பா என்பதை எல்லாம் உனக்கு எழுதத் தேவையில்லை, ஆனால் அவன் யார் என்று இப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூலிப் போராட்டத்தில் அவனும் நானும் ஒரே விலங்கில் கை மாட்டித் திருச்சி ஜெயிலுக்குப் போனோம். அன்றைக்கு லத்தி என் தலைக்கு வந்தபோது குறுக்கே தன் முதுகைக் கொடுத்தவன் அவன். பிறகு ஆட்சி மாறியது, ஆட்சிக்காரர்களுக்குள்ளேயே கட்சி இரண்டாக உடைந்தது, ஒவ்வொரு தடவையும் உன் மாமாவின் வேட்டிக் கரையும் நிறம் மாறியது. நாங்கள் கேலி செய்வோம், அவனும் சிரிப்பான். இப்போது ஆளும் கட்சிக்கு இந்த ஊர்க் கிளைச் செயலாளர். பெண்டாட்டி செத்த பிறகு கைக்குழந்தையாக இருந்த தையலை உன் அம்மாதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள், அதனால் அவன் இந்த வீட்டுக்குள் வர யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்கும் நேராக அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து, 'நம்ம கீழப்பங்கு குத்தகைக்காரங்க எல்லாரையும் குடும்பத்தோட பாண்டிச்சேரிக்கு அழைச்சிக்கிட்டுப் போறோம் மச்சான், பஸ் பேசியாச்சு, கட்சி செலவு, ஒரு நாள் முழுக்கச் சுத்திப் பாத்துட்டு வருவோம்' என்றான்.

கீழப்பங்கு நிலவரம் நீ போன வருஷம் லீவில் வந்தபோது இருந்த மாதிரியேதான் அதுவரை இருந்தது. பண்ணையார் உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலத்தை மில்காரருக்கு விற்றுவிட்டு மெட்ராஸ் போய்விட்டார். மில்காரருக்கு நிலம் மட்டும் வேண்டும், அதில் நிற்கிற நாம் வேண்டாம். குத்தகைப் பதிவில் நம் பேர் இருப்பதால் சட்டப்படி கிளப்ப முடியவில்லை. ஆசை காட்டிப் பார்த்தார், ஆள் விட்டு மிரட்டிப் பார்த்தார், நாம் வரப்பை விட்டு இறங்கவில்லை. கார்த்திகையிலிருந்து முறை வைத்து வயலில் காவல் கிடந்தோம். இப்படி இருக்கும்போது உன் மாமா கடலைப் பார்க்கக் கூப்பிட்டதும் உன் அம்மா, 'தண்ணிய வடிச்சிக் கதிரு காயுது, அறுக்கப் போற வயலை விட்டுட்டு யாராவது ஊர் சுத்தப் போவாங்களா' என்றாள். பக்கத்துப் பங்கு ரெங்கசாமியும் யாராவது ஒருத்தர் தங்குவது நல்லது என்றான். அதற்கு உன் மாமா, 'காவலுக்குக் கட்சிப் பசங்களைப் போட்டிருக்கேன், போதாததுக்கு மாட்டைப் பாத்துக்கத் தையலை வீட்டுல விட்டுட்டு வர்றேன், ஒண்ணுன்னா அவ சும்மா இருப்பாளா' என்று சொன்னான். பிறகு உன் அம்மாவிடம் திரும்பி, 'அக்கா, நீ பொறந்ததுலேர்ந்து சேத்தைத்தானே பாத்தே, ஒரு நாளு அலையைப் பாரேன், நானா கூப்பிடறேன், வரமாட்டியா' என்றான். அவள் முகம் மாறியதைப் பார்த்து நான்தான் போகலாம் என்று சொன்னேன். இவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது.

சாயங்காலம் ஏறி விடியும்போது பாண்டிச்சேரியில் இறங்கினோம். நீ கேட்டாய் என்பதற்காக அதையும் எழுதுகிறேன். தெரு எல்லாம் நூல் பிடித்து நாற்று நட்ட மாதிரி நேராக இருக்கிறது, ஒரு முனையில் நின்றால் மறு முனையில் கடல் தெரிகிறது. மஞ்சள் சுவரும் வெள்ளைச் சுவருமாகப் பிரெஞ்சுக்காரன் கட்டிய வீடுகள், உள்ளே ஆள் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு அமைதி. போலீஸ்காரர்கள் சிவப்பாக உயரமான தொப்பி வைத்திருக்கிறார்கள், நம் கீழப்பங்குப் பூவம்மாள் அவர்களைப் பார்த்து பேண்டு வாத்தியக்காரர்கள் என்று நினைத்து எங்கே கல்யாணம் என்று ஒருவரிடம் கேட்டே விட்டாள், அவரும் கோபிக்காமல் சிரித்தார். அந்த விதவைப் பெண்பிள்ளை புருஷன் போன பிறகு சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடற்கரையில் காந்தி சிலை, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் உயரமாகச் சிற்பம் செதுக்கிய கல்தூண்கள். அங்கிருந்து போனால் பூங்காவுக்குள்ளே ஒரு வெள்ளை மண்டபம். வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்த ஒரு தாசியின் பேரில் அதைக் கட்டியிருப்பதாக அங்கே இருந்தவர் சொன்னார். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பிறகு எங்கே போய்க் குடியிருந்தாளாம் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. பெரிய தோட்டம் ஒன்றுக்கும் போனோம், ஒவ்வொரு மரத்துக்கும் தகரத்தில் பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் பேரைப் படிக்காமல் இலையைக் கசக்கி மோந்து பார்த்தே பாதி மரத்துக்குப் பேர் சொல்லிக்கொண்டு போனார்கள். பிள்ளையார் கோயிலில் கும்பிட்டோம். மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு, போதும் போதும் என்கிற வரை போட்டார்கள்.

உன் அம்மா அலையில் இறங்கினாள். முதலில் தூர நின்றாள், பிறகு பூவம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் நனைகிற இடம் வரை போனாள். ஒரு அலை கொஞ்சம் பெரிதாக வந்து இடுப்பு வரை நனைத்து உட்காரவைத்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவள் உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரிக்கிறாள், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், இன்னொன்று வரட்டும் என்கிறாள். கல்யாணமான புதிதில் வடவாற்றில் குளிக்கும்போது அப்படிச் சிரிப்பாள். உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் வயலை நினைக்கவில்லை. உன் மாமா கரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. அக்காள் சிரிப்பதைப் பார்த்து உருகிப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் புறப்படுவதாகத்தான் பேச்சு. சாப்பிட்டதும் டிரைவர் டயர் பஞ்சர் என்றார். நம்மூரில் மதுவிலக்கு, அங்கே தெருவுக்குத் தெரு பிராந்திக் கடை, ஆம்பிளைகளில் பாதிப் பேரை உன் மாமாவே அழைத்துக்கொண்டு போனான். ரெங்கசாமி இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவரும் நிலையில் வந்தான். பிறகு போட்டோக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து எல்லோரையும் கடலுக்கு முன்னால் நிற்கவைத்தான். பெரியவர்கள் பின்னால், பெண்கள் முன்னால், பிள்ளைகள் மணலில். 'சிரிங்க, எல்லாரும் நல்லாச் சிரிங்க' என்று அவன்தான் சொல்லிக்கொண்டே இருந்தான். சிரித்தோம். பொழுது இறங்கிய பிறகுதான் டயர் சரியானது. பஸ்ஸில் ஏறும்போது உன் அம்மா தையலுக்கென்று வாங்கிய சங்குமாலையை என் சட்டைப் பையில் போட்டு, மருமகள் கழுத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரத்துக்கு ஊர் எல்லைக்கு வந்தோம். மதகுக்குப் பக்கத்தில் பஸ் திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் இருந்த பூவம்மாள், டிரைவர் வேறு ஊருக்கு வந்துட்டாரு என்று சத்தம் போட்டாள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எனக்கும் அடையாளம் தெரியவில்லை நாகநாதா. முந்தாநாள் சாயங்காலம் மஞ்சளாகத் தலை சாய்ந்து நின்ற பொன்னி இல்லை. அறுத்த தாள்கூட இல்லை. அறுத்து, லாரியில் ஏற்றி, அதோடு விடாமல் டிராக்டரை விட்டு உழுது போட்டிருக்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வரப்பைக் காணோம். ஒரு வரப்பு இல்லை. உன் தாத்தா அண்டை வெட்டி, நான் அண்டை வெட்டி, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சேறு பூசிய வரப்பு. எல்லாப் பங்கையும் ஒன்றாக்கி, சந்தை மைதானம் மாதிரி ஆக்கி, சுற்றிலும் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். பஸ் நிற்பதற்குள் பூவம்மாள் குதித்து ஓடினாள். கம்பிக்குள் புகுந்து சேலை கிழிய அங்கும் இங்கும் போகிறாள், தன் பங்கு எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்து மண்ணைப் பிடித்து அழுதாள், பிறகு எழுந்து, இது இல்ல போலருக்கே என்று சொல்லி வேறு இடத்தில் போய் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்த கண்ணோடுதான் இன்னும் இருக்கிறேன்.

மதகுக் கட்டையில் தையல் உட்கார்ந்திருந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கித் துண்டால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், உடம்பெல்லாம் காய்ந்த சேறு. நாங்கள் போன மறுநாள் விடியலில் லாரி லாரியாக வெளியூர் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். காவலுக்கு என்று சொன்ன கட்சிப் பையன்கள் யாரும் இல்லை. இவள் ஒருத்தியாக ஓடி அரிவாளுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஒருவன் பிடித்துத் தள்ளியதில் வாய்க்காலில் விழுந்து கை முறிந்திருக்கிறது. அப்படியும் எழுந்து வந்து கத்தியிருக்கிறாள். ஆட்களைக் கூட்டி வந்த மேஸ்திரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, 'ஏம்மா எங்ககிட்டே கத்துறே, ஒங்கப்பன் சொல்லித்தான் இன்னிக்கு வந்திருக்கோம், அவரைப் போய்க் கேளு' என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகாமல் எங்கள் பஸ் வரட்டும் என்று மதகிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி, ஐயோ என்னடி ஆச்சு கையிக்கு என்று ஓடினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்து, 'இவரைக் கேளுங்க. எல்லாம் இவருக்குத் தெரியும்' என்றாள்.

ஆம்பிளைகள் கை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். உன் அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். 'தம்பி, புள்ள சொல்றது நெசமா' என்று மட்டும் கேட்டாள். அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தில் அவள் நம்பியிருப்பாள், நான் அவள் குரலில் அதைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, 'அக்கா, நிலம் எப்படியும் போகத்தான் போவுது, மில்காரன் விடமாட்டான். அருவாளும் கம்புமா நின்னு, மச்சான் மண்டை ஒடைஞ்சு, நாலு பொணம் விழுந்து போறதுக்கு, ஒரு நாளு சந்தோஷமா இருந்துட்டுப் போவட்டும்னுதான் நெனச்சேன். ஒனக்குக் கடலைக் காட்டணும்னு எனக்கு உள்ளபடியே ஆசைக்கா' என்றான். உன் அம்மா அங்கேயே வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அவனுக்கு மில்காரர் என்ன செய்தார், எவ்வளவு செய்தார் என்பதை எல்லாம் ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதை உனக்கு எழுதி என் வாயை நான் அழுக்காக்கிக்கொள்ளப் போவதில்லை. காசுக்காக மட்டும் செய்திருந்தால் எனக்கு வெறுப்பு சுலபமாக இருந்திருக்கும். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது பார், அதுதான் தொண்டையில் நிற்கிறது. எங்கள் ரத்தம் எங்களுடையது, அதைச் சிந்தலாமா கூடாதா என்று முடிவு செய்ய அவன் யார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போலீஸில், இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். சங்கத்துத் தோழர்கள் வந்தார்கள், தஞ்சாவூர் ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டோம், போன வாரம் விசாரணை நடந்தது. மில்காரர் தரப்பு வக்கீல் எழுந்து, இவர்கள் யாரையும் யாரும் விரட்டவில்லை, அறுவடையை ஒப்புக்கொடுத்து நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டு அந்தச் சந்தோஷத்தில் ஊர் சுற்றப் போயிருக்கிறார்கள் என்று சொல்லி அந்தக் கடற்கரைப் போட்டோவை மேஜை மேல் வைத்தார். வயலை அறுத்த அதே நாள் எடுத்தது என்று போட்டோக்காரரின் முத்திரை பின்னால் இருக்கிறது. விசாரித்த அதிகாரி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, இதில் சிரித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருப்பது உங்கள் மனைவியா என்றார். ஆமாம் என்றேன். யாராவது மிரட்டிச் சிரிக்கச் சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். ஜெயிலில் அடித்தபோதுகூட எனக்கு அப்படித் தலை குனிய வேண்டி வந்ததில்லை.

எங்களுக்குச் சாட்சி தையல் ஒருத்திதான். மற்ற எல்லோரும் கடற்கரையில் நின்றவர்கள் ஆயிற்றே. கையில் மாவுக்கட்டோடு நின்று கண்டது, கேட்டது, மேஸ்திரி சொன்னது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். உன் மாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வக்கீல் சிரித்துக்கொண்டே, 'அம்மா, சித்திரையில உங்களுக்குக் கல்யாணமாமே, மாப்பிள்ளை மனுதாரர் முருகையனோட பையன்தானே, போற வீட்டுக்கு நிலம் இருக்கணும்னுதானே இந்தச் சாட்சி' என்று கேட்டார். அங்கிருந்தவர்களில் இரண்டொருவர் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் எழுந்திருப்பதற்குள் அவள் அதிகாரியைப் பார்த்து, 'அதனாலதான் சொல்றேன்னு நீங்க நெனச்சீங்கன்னா, நான் அந்த வீட்டுல கட்டிக்கல ஐயா. இந்த நிமிஷத்தோட அது இல்ல. இனிமே அந்த நிலம் வந்தாலும் போனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. இப்ப நான் சொன்னதை எழுதிக்குவீங்களா' என்றாள். அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும் வரை அவள் நின்றாள். உன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்த இடம் ஒரு வாரமாகியும் ஆறவில்லை.

வெளியே வந்ததும் உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் ஆயிரம் பேசுவார்கள், நீ வீட்டுக்கு வா என்றாள். அவள் வரவில்லை. 'வேணாம் அத்தை, நான் ஒங்க வீட்டு வாசப்படி ஏறினேன்னு ஒருத்தன் போய்ச் சொன்னாக்கூட அங்க எழுதினது பொய்யாப் போயிடும்' என்றாள். அப்பன் வீட்டுக்கும் போகவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பூவம்மாள் குடிசையில் இருக்கிறாள். மாவுக்கட்டுக் கையோடு களத்து மேட்டில் நெல் தூற்றப் போகிறாள் என்று கேள்வி. தெருவில் எதிரே வந்தால் உன் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். உன் அம்மாவோ வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அந்தச் சங்குமாலையைக் குடுத்து அனுப்பலாமா என்று ஒரு நாள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன், மறுநாள் பூவம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தையல் வாங்கவில்லையாம்.

ரெங்கசாமி மனுவிலிருந்து கையெழுத்தை வாபஸ் வாங்கிவிட்டான். மில்காரர் கீழப்பங்கில் வாழை போடுகிறார், அதில் இவன் கூலிக்குக் குழி வெட்டுகிறான். தன் வயலிலேயே குழி வெட்டுகிறான். நம் வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறான், எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, வீட்டில் சின்னச் சின்னதாகப் பிள்ளைகள். நானும் உன் அம்மாவும் கரைக்கு மேற்கே அறுப்புக்குப் போகிறோம், இரண்டு ஆறு பாயும் ஊரில் ரேஷன் அரிசி வாங்கிப் பொங்குகிறோம். உன் மாமாவுக்குப் போன வாரம் வட்டச் செயலாளர் பதவி வந்திருக்கிறது. மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். நம் வீட்டு முன்னால் வரும்போது மேளத்தை நிறுத்தச் சொன்னானாம், அந்த மட்டும் மரியாதை இருக்கிறது. உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவன் செத்தால்கூடப் போக மாட்டேன் என்று சொல்கிறாள், சொல்லிவிட்டு அவன் சாப்பிட்டானோ என்னவோ, பெண்ணும் வீட்டில் இல்லையே என்றும் சொல்கிறாள்.

விசாரணையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி வழக்கு மேலே மேலே போகும், வருஷக்கணக்கில் ஆகும் என்று எங்கள் வக்கீலே சொல்கிறார். அது முடிகிற வரைக்கும் அவள் சாட்சி நிற்க வேண்டும். அதனால் நீ லீவு எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுதியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள். வேலையை விட்டுவிட்டு ஆத்திரத்தில் ஓடிவந்து உன் மாமா சட்டையைப் பிடிக்காதே, அதைத்தான் மில்காரர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் மாமாவிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. உலைக்கு முன்னால் நிற்கும்போது மனத்தை இங்கே வைத்துக்கொண்டு நிற்காதே, நெருப்புக்குக் கண் கிடையாது. வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளி.

எழுதி முடிக்கிற நேரத்தில் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, அவன் காத்திருப்பானா என்று கேட்டு எழுதுங்க என்கிறாள். நான் கேட்கவில்லை. உன் வயசில் உன்னைக் காத்திரு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, வேறு பெண் பார்க்கட்டுமா என்று எழுதினால் உன் அம்மா இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவாள். அதை நீயே யோசித்து உன் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள், எங்களுக்குக்கூட எழுதாதே. இந்த ஊர்த் தபால் எந்தெந்தக் கைக்குப் போய் வருகிறது என்று எனக்குத் தெரியும், இதை நான் தஞ்சாவூர் போய்த்தான் போடப் போகிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் கண்ணும் கையும் காலும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் கும்பிடாத சாமி இல்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தையலுக்கு நீ ஒரு வரிகூட எழுதக் கூடாது. கை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கூட எழுதக் கூடாது.

இப்படிக்கு
உன் நலமே நினைத்திருக்கும் அப்பா
மு. முருகையன்